தேக்காவின் அஞ்சல் குறியீட்டுக்குள் என்ன இருக்கிறது? ஆறு இலக்க எண்ணைப் பிரித்துப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா நிலையத்தின் அஞ்சல் குறியீடு 210665. அங்கிருந்து சிராங்கூன் சாலையோடு சில நிமிடம் நடந்தால் வரும் ஸ்ரீ வீரமாகாளியம்மன் ஆலயத்தின் குறியீடு 218042. பக்கத்துப் பக்கத்து இடங்கள். எண்களும் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கின்றன. உள்ளே இறங்கினால் ஒன்றுக்கொன்று நேர் எதிர். ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் வருவது வர்க்கம். முதல் எண்ணை இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதலாம். கூட்டலாக எழுதவே முடியாது. இரண்டாவதைக் கூட்டலாக எழுதலாம். வித்தியாசமாக எழுதவே முடியாது. ‘முடியாது’ என்றால் இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை என்ற பொருளில் அல்ல. எத்தனை காலம் தேடினாலும் கிடைக்காது என்பதற்கு நிரூபணம் உண்டு. அந்த நிரூபணத்தை உயர்நிலை ஒன்றில் படிக்கும் பிள்ளையும் பின்தொடர முடியும்.

ஒரு பெரிய எண்ணைக் கையில் எடுத்து, அதன் குணங்களை ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவருவது எப்படி என்பதை இங்கே படிப்படியாகச் செய்து காட்டுகிறேன். தாள், பேனா, கைப்பேசியில் உள்ள கால்குலேட்டர் போதும்.

எந்த எண்ணை எடுப்பது

சிங்கப்பூரில் 1995 முதல் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு நடைமுறையில் இருக்கிறது. முதல் இரண்டு இலக்கங்கள் வட்டாரத்தைக் காட்டும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளில் கடைசி மூன்று இலக்கங்கள் பெரும்பாலும் புளோக் எண்ணாகவே இருக்கும். தேக்கா நிலையம் இருப்பது பஃபலோ ரோடு, புளோக் 665. குறியீட்டின் பின்பாதி அதுதான். உங்கள் புளோக்கின் குறியீட்டையே எடுத்துக்கொள்ளலாம். தரை வீட்டில் இருப்பவர்கள் மட்டும் அதை வெளியே பகிர வேண்டாம், அந்த எண் உங்கள் ஒரு வீட்டை மட்டுமே காட்டும்.

குறியீட்டை ஒதுக்குவது மனிதர்கள். ஆனால் அந்த எண் எதால் வகுபடும், எதால் வகுபடாது என்பதை யாரும் ஒதுக்கவில்லை. அதைத்தான் தேடப்போகிறோம்.

முதல் பார்வை

210665இன் கடைசி இலக்கம் 5. ஆகவே 5ஆல் வகுபடும், 2ஆல் வகுபடாது. அடுத்து இலக்கங்களைக் கூட்டுங்கள்: 2+1+0+6+6+5 = 20. இது 3ஆல் வகுபடாததால் மொத்த எண்ணும் 3ஆல் வகுபடாது. 10, 100, 1000 எதை 9ஆல் வகுத்தாலும் மீதி 1 என்பதால்தான் இந்த வழி வேலை செய்கிறது.

இலக்கங்களைக் கூட்டி அதிர்ஷ்ட எண் பார்க்கும் பழக்கம் நம்மிடையே நிறைய உண்டு. 20ஐ மறுபடி கூட்டினால் 2 வரும். கணிதத்தில் அந்த 2க்கு ஒரே ஒரு பொருள்தான்: 210665ஐ 9ஆல் வகுத்தால் மீதி 2. வீட்டைப் பற்றியோ குடியிருப்பவரைப் பற்றியோ அது எதுவும் சொல்லாது. ஆனால் அந்த மீதி நமக்குப் பின்னால் உதவும், குறித்து வையுங்கள்.

நடுவில் வெட்டிக் கழியுங்கள்

ஆறு இலக்க எண்ணுக்கென்றே அமைந்த ஓர் அருமையான வழி இது. எண்ணை நடுவில் இரண்டாக வெட்டுங்கள்: 210, 665. பெரியதிலிருந்து சிறியதைக் கழியுங்கள்: 665 − 210 = 455. இந்த 455 எண் 7, 11, 13 ஆகியவற்றில் எதால் வகுபடுகிறதோ அதால்தான் முழு எண்ணும் வகுபடும்.

காரணம் 1001. ஏனென்றால் 7 × 11 × 13 = 1001. நம் எண்ணை 210 × 1000 + 665 என்று எழுதலாம்; அதையே 210 × 1001 + 455 என்றும் எழுதலாம். முதல் பகுதியில் 7, 11, 13 மூன்றும் ஏற்கெனவே இருக்கின்றன. மிச்சமிருக்கும் 455ஐ மட்டும் பார்த்தால் போதும். 455 = 5 × 7 × 13. ஆக 7 உண்டு, 13 உண்டு, 11 இல்லை.

இப்போது வகுத்துக்கொண்டே வாருங்கள். 210665 ÷ 5 = 42133. 42133 ÷ 7 = 6019. 6019 ÷ 13 = 463.

455ஐ இன்னொரு முறை பாருங்கள். வழக்கமாக இந்தக் கழித்தலின் விடை 7, 11, 13 பற்றி மட்டுமே பேசும். இங்கே 455 முழுவதுமாகவே நம் எண்ணின் காரணி. 210 × 1001 என்பது 210210. அது 455 × 462. அதோடு 455ஐச் சேர்த்தால் 455 × 463. கழித்து வந்த விடையே எண்ணை மீதியில்லாமல் வகுப்பது எல்லா எண்ணிலும் நடக்காது. தேக்காவின் எண்ணில் நடக்கிறது.

எங்கே நிறுத்துவது

463ஐ இன்னும் உடைக்க முடியுமா? தனக்கும் 1க்கும் மட்டுமே வகுபடும் எண்ணைப் பகா எண் என்கிறோம். 463 பகா எண்தானா என்று பார்க்க எல்லா எண்களாலும் வகுக்கத் தேவையில்லை. ஓர் எண் இரண்டு காரணிகளின் பெருக்கல் என்றால், அவற்றில் சிறியது அந்த எண்ணின் வர்க்கமூலத்தைத் தாண்டாது. 22 × 22 = 484, இது 463ஐவிடப் பெரியது. ஆக 19 வரை உள்ள பகா எண்களைச் சோதித்தால் போதும்.

இங்கே ஒரு குறுக்குவழி கண்முன்னே இருக்கிறது. 463 என்பது 462 + 1. 462 = 2 × 3 × 7 × 11. ஆகவே 2, 3, 7, 11 எதால் வகுத்தாலும் மீதி 1. கடைசி இலக்கம் 3 என்பதால் 5 இல்லை. 13ஆல் வகுத்தால் மீதி 8, 17ஆல் 4, 19ஆல் 7. தேடல் முடிந்தது, 463 பகா எண்.

210665 = 5 × 7 × 13 × 463.

வரிசையை மாற்றலாமே தவிர, இந்த எண்ணை வேறு பகா எண்களின் பெருக்கலாக எழுத முடியாது. ஒவ்வொரு எண்ணுக்கும் பகாக் காரணிகள் ஒரே ஒரு விதமாகத்தான் அமையும் என்பது எண்கணிதத்தின் அடிப்படைத் தேற்றம். 1801இல் வெளிவந்த தன் நூலில் கணித மேதை கௌஸ் இதற்குத் தெளிவான நிரூபணம் கொடுத்தார்.

ஆறு இலக்க எண் எதுவானாலும் அதன் வர்க்கமூலம் 1000க்குள் அடங்கும். 1000க்குள் இருக்கும் பகா எண்கள் 168. எவ்வளவு மோசமான எண் வந்தாலும் 168 வகுத்தல்களுக்குமேல் போகாது.

காரணிகளை எண்ணுதல்

பகாக் காரணிகள் தெரிந்துவிட்டால் மற்ற காரணிகளைத் தேட வேண்டாம். 5ஐ எடுக்கலாம் அல்லது விடலாம். 7, 13, 463க்கும் அப்படியே. 2 × 2 × 2 × 2 = 16 காரணிகள். ஒரு பகா எண் இரண்டு முறை வந்தால் அதற்கு மூன்று வாய்ப்புகள், மூன்று முறை வந்தால் நான்கு.

காரணிகளைக் கூட்டவும் சூத்திரம் உண்டு: (1+5)(1+7)(1+13)(1+463) = 311808. இதிலிருந்து எண்ணையே கழித்தால் 101143. எண்ணைவிடக் குறைவு என்பதால் இது குறைவெண். விக்டோரியா ஸ்திரீட்டில் இருக்கும் தேசிய நூலகத்தின் குறியீடு 188064. அது 2இன் ஐந்தாம் அடுக்கு × 9 × 653. அதன் மற்றக் காரணிகளைக் கூட்டினால் 347562, எண்ணைவிடப் பெரியது, ஆகவே மிகையெண். சிறிய பகா எண்கள் நிறைய இருந்தால் மிகையெண்ணாகும், அவ்வளவுதான் இதில் விஷயம்.

வர்க்கங்களின் வித்தியாசம்

இந்தப் படியை அவசரப்படாமல் செய்து பாருங்கள். 210665இன் வர்க்கமூலம் 459க்குக் கொஞ்சம் கீழே. 459 × 459 = 210681. நம் எண்ணைக் கழித்தால் 16. அதுவோ 4இன் வர்க்கம்.

210665 = 459² − 4² = (459 − 4)(459 + 4) = 455 × 463.

முதல் முயற்சியிலேயே எண் இரண்டாகப் பிளந்துவிட்டது. 17ஆம் நூற்றாண்டில் கணிதவியலாளர் ஃபெர்மா கண்ட வழி இது: வர்க்கமூலத்துக்கு மேலே ஒவ்வோர் எண்ணாக ஏறி, அதன் வர்க்கத்திலிருந்து நம் எண்ணைக் கழித்து, விடை ஒரு வர்க்கமா என்று பார்ப்பது. காரணிகள் இரண்டும் நெருங்கி இருந்தால் இது மின்னல் வேகம். விலகி இருந்தால் நாள் முழுக்க ஏற வேண்டியிருக்கும்.

ஒற்றை எண் எதுவாயினும் இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுத முடியும். 210665க்கு 16 காரணிகள், ஜோடி சேர்த்தால் 8 ஜோடி. ஆகவே எட்டு விதமாக எழுதலாம்.

கூட்டலாக எழுத முடியாது என்றேனே, அதற்கு நிரூபணம் இதோ. எந்த வர்க்கத்தையும் 7ஆல் வகுத்தால் மீதி 0, 1, 2, 4 ஆகியவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும்; 0 முதல் 6 வரை வர்க்கம் எடுத்து நீங்களே பார்க்கலாம். இரண்டு வர்க்கங்களின் கூட்டல் 7ஆல் வகுபட வேண்டுமானால் மீதிகள் கூடி 0 அல்லது 7 ஆக வேண்டும். 1க்குத் துணையாக 6 வேண்டும், 2க்கு 5, 4க்கு 3. இந்த 6, 5, 3 மூன்றுமே அந்தப் பட்டியலில் இல்லை. ஆக ஒரே வழி, இரண்டு வர்க்கங்களும் 7ஆல் வகுபடுவது. அப்படியானால் இரண்டும் 49ஆல் வகுபடும், கூட்டலும் 49ஆல் வகுபடும். 210665இல் 7 ஒரே ஒரு முறைதான் வருகிறது. 49ஆல் அது வகுபடாது. கதவு மூடிவிட்டது.

ஆலயத்தின் எண்

218042 இரட்டை எண். வெட்டிக் கழித்தால் 218 − 42 = 176, அதாவது 16 × 11. ஆக 11 உண்டு. 7உம் 13உம் இல்லை. 2ஆல் வகுத்தால் 109021. 11ஆல் வகுத்தால் 9911. ஒரு காரணி கிடைத்ததும் அதையே இன்னொரு முறை சோதிக்கத் தவறாதீர்கள்: 9911 ÷ 11 = 901. மூன்றாவது முறை போகாது. 901ஐ 13ஆல் வகுத்தால் மீதி 4. அடுத்த பகா எண்ணான 17ஆல் வகுத்தால் சரியாக 53.

218042 = 2 × 11² × 17 × 53. காரணிகள் 2 × 3 × 2 × 2 = 24.

வித்தியாசமாக ஏன் எழுத முடியாது? வர்க்கத்தை 4ஆல் வகுத்தால் மீதி 0 அல்லது 1. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் மீதி 0, 1, 3 ஆகலாம். 2 ஆகவே ஆகாது. 218042ஐ 4ஆல் வகுத்தால் மீதி 2. ஒரே வரியில் முடிந்தது.

கூட்டலாக எழுதுவதற்கு ஒரு பொது விதி இருக்கிறது. 4ஆல் வகுத்தால் மீதி 3 வரும் பகாக் காரணி ஒவ்வொன்றும் இரட்டைப்படை தடவை வந்தால் முடியும், இல்லையென்றால் முடியாது. இந்த விதிக்கு அடித்தளமான தேற்றத்தை ஃபெர்மா 1640இல் கடிதத்தில் எழுதினார். ஆய்லர் அடுத்த நூற்றாண்டில் நிரூபித்தார். நம் எண்ணில் 17, 53 இரண்டுக்கும் மீதி 1. மீதி 3 தருவது 11 மட்டும், அது இரண்டு முறை வருகிறது. ஆக முடியும்.

கண்டுபிடிப்பது இப்படி: 121ஐ வெளியே எடுத்து வைத்தால் மிச்சம் 1802. அதற்குள் அடங்கும் பெரிய வர்க்கம் 42² = 1764; மீதி 38, வர்க்கம் அல்ல. 41² = 1681; மீதி 121, அதுவோ 11². கிடைத்தது. நிறுத்தாமல் 31 வரை இறங்குங்கள்: 31² = 961, மீதி 841 = 29². எடுத்து வைத்த 11ஐ எல்லாவற்றோடும் பெருக்குங்கள்.

218042 = 451² + 121² = 341² + 319².

203401 + 14641, 116281 + 101761 என்று கால்குலேட்டரில் தட்டிப் பாருங்கள். இந்த இரண்டு வழிகளைத் தவிர வேறு வழி கிடையாது. எனக்கு இந்த வழிகாட்டியில் மிகவும் பிடித்த வரி இதுதான்.

இரண்டு எண்களைச் சேர்த்துப் பார்த்தல்

தைப்பூச ஊர்வலம் சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் ஆலயத்தில் புறப்பட்டு டாங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி ஆலயத்தில் முடிகிறது. முதல் ஆலயத்தின் குறியீடு 218123, இரண்டாவதன் குறியீடு 238065.

218123 பிடிவாதமான எண். 2, 3, 5 இல்லை. 218 − 123 = 95; 7, 11, 13உம் இல்லை. 17, 19, 23 என்று 53 வரை ஏறிக்கொண்டே போனாலும் எல்லாவற்றிலும் மீதி வரும். இந்த இடத்தில் பண்டைய கிரேக்கக் கணிதவியலாளர் யூக்ளிட்டின் வழியை எடுங்கள். இரண்டு எண்களுக்கும் பொதுக் காரணி இருந்தால், அது அவற்றின் வித்தியாசத்தையும் வகுக்கும். ஆகவே பெரியதைச் சிறியதால் வகுத்து மீதியை வைத்துக்கொள்ளுங்கள். மீதி 0 ஆகும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள்.

238065ஐ 218123ஆல் வகுத்தால் மீதி 19942.
218123ஐ 19942ஆல் வகுத்தால் மீதி 18703.
19942ஐ 18703ஆல் வகுத்தால் மீதி 1239.
18703ஐ 1239ஆல் வகுத்தால் மீதி 118.
1239ஐ 118ஆல் வகுத்தால் மீதி 59.
118ஐ 59ஆல் வகுத்தால் மீதி 0.

மீப்பெரு பொதுக் காரணி 59. ஒரு காரணிகூடத் தெரியாமலேயே இரண்டு எண்களையும் ஒரே நேரத்தில் உடைத்துவிட்டோம்: 218123 = 59 × 3697, 238065 = 3 × 5 × 59 × 269. ஊர்வலத்தின் தொடக்கமும் முடிவும் 59ஐப் பகிர்ந்துகொள்வது தற்செயல். காவடி எடுப்பவரின் வேண்டுதலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. கண்ணில் பட்ட இரண்டு எண்கள் 59ஐப் பகிர 3481இல் ஒரு வாய்ப்புதான், ஆனால் பல ஜோடிகளைப் பார்த்தால் ஏதாவது ஒன்றில் இப்படி ஒரு பொது எண் அகப்படவே செய்யும்.

இதே கணக்கு, நூற்றுக்கணக்கான இலக்கங்களில்

1977இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மேன் மூவரும் உருவாக்கிய ஆர்எஸ்ஏ மறைகுறியாக்கம் (தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் முறை), இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது எளிது, பெருக்கியதைப் பிரிப்பது கடினம் என்ற ஒன்றின்மேல் நிற்கிறது. ஆர்எஸ்ஏ-250 என்ற 250 இலக்க எண்ணைப் பல கணினிகள் சேர்ந்து 2020இல்தான் பிரித்தன.

மேலே நாம் செய்த இரண்டு படிகளும் அங்கே நேரடியாக வேலைக்கு வருகின்றன. இரண்டு பகா எண்களும் 455, 463 போல நெருங்கி இருந்தால் ஃபெர்மாவின் வழி சாவியை, அதாவது அவற்றைப் பெருக்கி வந்த எண்ணை, நொடியில் உடைத்துவிடும். அதனால் சாவி உருவாக்கும் விதிமுறைகள் இரண்டும் போதுமான தூரத்தில் இருக்க வேண்டும் என்கின்றன. இரண்டு சாவிகள் 59 போல ஒரு பகா எண்ணைப் பகிர்ந்துகொண்டால் யூக்ளிட்டின் வழி இரண்டையும் உடைக்கும். 2012இல் ஆய்வாளர்கள் இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருந்த பொதுச் சாவிகளைத் திரட்டி, அவற்றுக்கிடையே பொதுக் காரணி தேடினார்கள். சரியாக உருவாக்கப்படாத ஆயிரக்கணக்கான சாவிகள் அகப்பட்டன. பயன்படுத்தியது இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் பழமையான அந்த வழியின் அடிப்படையைத்தான்.

சரிபார்த்தல், பிறகு உங்கள் முறை

விடையைச் சரிபார்க்க 9ஆல் வரும் மீதி உதவும். 210665க்கு மீதி 2 என்று முன்பே குறித்தோம். காரணிகளின் மீதிகள் 5, 7, 4, 4. பெருக்கினால் 560, இலக்கங்களைக் கூட்டினால் 11, மறுபடி கூட்டினால் 2. பொருந்துகிறது. இலக்கங்கள் இடம் மாறுவது போன்ற சில பிழைகளை இந்தச் சோதனை கண்டுபிடிக்காது; அதற்கு முழுதாகப் பெருக்கிப் பார்க்க வேண்டும். லினக்ஸ் கணினி இருந்தால் ‘ஃபேக்டர்’ என்ற கட்டளை காரணிகளை உடனே தரும், ஆனால் கையால் செய்து முடித்த பிறகு தட்டுங்கள்.

பயிற்சிக்கு சௌத் பிரிட்ஜ் ரோடு ஸ்ரீ மாரியம்மன் ஆலயத்தின் குறியீடு 058793. தபாலுக்கு முன்னால் உள்ள 0 அவசியம். கணக்குக்கு அது 58793. வெட்டிக் கழித்தால் ஒரு காரணி கிடைக்கும். இன்னொன்றுக்குக் கழிக்காமல் கூட்டுங்கள்: 58 + 793 = 851. 999 = 27 × 37 என்பதால், இந்தக் கூட்டுத்தொகை 37ஆல் வகுபட்டால் முழு எண்ணும் 37ஆல் வகுபடும். மிஞ்சும் மூன்றாவது காரணி பகா எண்தானா என்று பார்க்க 13 வரை சோதித்தால் போதும். மொத்தக் காரணிகள் எட்டு வந்தால் உங்கள் விடை சரி. அதை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியுமா என்பதை, முதலில் கிடைத்த காரணியை வைத்தே நீங்கள் சொல்லிவிடலாம்.